பால்மரப் பலகையில் ஒரு படிப்பு மேசை



பள்ளி விடுமுறை தொடங்கியதும் எங்கள் வீட்டு மகிழுந்து சாலையோரத்திற்குப் போய்விடும். அது நிற்க வேண்டிய கூரையின்கீழ் இரண்டு பழைய முக்காலிகள், அவற்றின்மேல் ஒரு தடித்த பலகை, சுவரில் என் தந்தையார் விட்டுச்சென்ற கருவிகள். என் வீட்டுப் பட்டறை இவ்வளவுதான். சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் என் மாணவர் சிலர் அங்கு வந்து போகின்றனர். தமிழும் கணிதமும் போதிக்கும் ஓர் ஆசிரியை பிள்ளைகளின் கையில் ரம்பத்தைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்டனர். அவர்களுக்காகவும், தத்தம் வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இம்முயற்சி ஒரு கட்டுரைப் பயிற்சியில் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'நான் படிக்கும் இடம்' என்னும் தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். வழக்கமான வருணனைகளை எதிர்பார்த்தேன். வந்தவை வேறு. தரையில் குப்புறப் படுத்து எழுதுபவர், கட்டிலின் விளிம்பில் நோட்டை வைத்து எழுதுபவர், தம்பியின் பால் மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் எழுதுபவர் எனப் பலர். ஒரு மாணவி இஸ்திரி போடும் மேசையை மிகத் தாழ்வாக இறக்கி அதில் எழுதுவதாகவும், அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அதைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் இடம் குறைவு என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால், ஒருவரது கையெழுத்து ஏன் வரிக்கு வரி சரிகிறது என்று ஆண்டு முழுவதும் சிவப்பு மையில் கேட்டுக்கொண்டிருந்ததற்கு விடை அந்தக் கட்டுரைகளில் இருந்தது.

தரையில் சப்பணமிட்டு அமர்ந்து எழுதத் தாழ்வான மேசை ஒன்று போதும். அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டால் இடமும் அடையாது. கடையிலும் கிடைக்கும்தான். தூளாக்கிய மரத்தை ஒட்டி அழுத்திச் செய்த பலகையில், அட்டைப்படம் ஒட்டி விற்கிறார்கள். ஈரத்துணியால் நாலு முறை துடைத்தால் ஓரம் உப்பிவிடும். நல்ல மரத்தில் நாமே செய்யலாம் என்று தோன்றியது. நம் நாட்டில் வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற நல்ல மரம் எது என்று கேட்டால் என் விடை பால்மரம்தான்.

எங்கள் தோட்டத்தில் 'ரப்பர் மரம்' என்று யாரும் சொன்னதில்லை. அது பாடநூலில் வரும் பெயர். பெரியவர்கள் 'கித்தா' என்பார்கள். நாங்கள் 'பால்மரம்' என்போம். பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் அத்தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன்பின் நடந்தது நம் பாட்டன் பாட்டியரின் கதை. என் தாயார் அந்த மரங்களோடு முப்பதாண்டுக் காலம் இருளில் எழுந்து, விடிவதற்குள் வெட்டுக்குப் போனவர்.

தந்தையார் அதே தோட்டத்தில் தச்சர். லயத்து வீடுகளின் கதவு, படிக்கட்டு, கோயில் தேரின் சக்கரம் வரை அவர் கை பட்டவை. எல்லாரும் அவரை 'ஆசாரி' என்றே அழைத்தனர். அது அவர் செய்த தொழிலால் வந்த பெயர், பிறப்பால் வந்ததன்று. சுற்றிலும் பல்லாயிரம் பால்மரங்கள் நின்ற இடத்தில் வேலை செய்த அவர், அந்த மரத்தில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. மெராந்தியும் கெம்பாசும் லாரியில் வெளியிலிருந்து வரும். "பால்மரம் அடுப்புக்குத்தாம்மா. மேசை செஞ்சா ஆறே மாசத்துல மாவாக் கொட்டிடும்" என்பார்.

அவர் சொன்னது அக்காலத்தில் முற்றிலும் உண்மை. பால்மரத்தின் உட்பகுதியில் மாவுச்சத்தும் சருக்கரையும் மிகுதி. வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சை பிடித்துப் பலகை நீலம் பாரித்துவிடும். பிறகு வண்டு துளைக்கும். துளையிலிருந்து மாவு போன்ற தூள் உதிரும். ஆகவே, இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்க்கும்போது, ஒரு பகுதி புகைக்கூடத்திற்கும் செங்கற்சூளைக்கும் விறகாகப் போகும்; மீதியைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். எங்கள் தோட்டத்தின் கிழக்குப் பகுதியைச் செம்பனைக்காக அழித்தபோது பல நாள் எரிந்தது. துணி காயப்போட முடியவில்லை என்று அம்மா முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஓர் எளிய செய்முறை. மரத்தைச் சாய்த்த உடனேயே அறுத்து, பலகைகளை இரும்புக் கலத்தில் அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது ஒவ்வாது. பின்னர்ச் சூட்டறையில் வைத்து உலர்த்துகிறார்கள். கெப்போங்கில் உள்ள மலேசிய வனவியல் ஆய்வுக் கழகம் இம்மரத்தை விரிவாக ஆராய்ந்த நிறுவனங்களுள் ஒன்று. 1980களில் பால்மரத் தளவாடங்கள் கப்பலேறத் தொடங்கின. ஜொகூரின் மூவார் நகரம் அவற்றால் பெயர் பெற்றது. இன்று நம் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளில் இளஞ்சிவப்புச் சாயல் ஓடும் மரமாக இருந்தால் பெரும்பாலும் அது பால்மரமே.

தந்தையார் தம் கடைசிக் காலத்தில் தளவாடக் கடையொன்றில் அத்தகைய நாற்காலியைப் பார்த்தார். கவிழ்த்தார், அடிப்பக்கத்தை முகர்ந்தார், விரல் கணுவால் தட்டினார். கடைக்காரர் எதையோ விளக்க வந்தார்; இவர் கேட்கவில்லை. "இத்தனையையும் கொளுத்திட்டோமே" என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

சரி, பலகைக்கு வருவோம். மரக்கடைகளில் இது விரல்களைக் கோத்தாற்போல் சிறுசிறு துண்டுகளை இணைத்து ஒட்டிய அகலப் பலகையாகக் கிடைக்கும். பால்மரத்தின் தண்டு குட்டை. கணுக்களும் கத்தி பட்ட வடுக்களும் உண்டு. அவற்றை நீக்கினால் துண்டுகளே மிஞ்சும் என்பதால் இந்த ஒட்டு. இது குறையன்று. ஒரே மரத்திலிருந்து எடுத்த அகலப் பலகை வளைவதைவிட இது குறைவாகவே வளையும். காய்ந்த மரம் கனமீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோகிராம் வரை நிறுக்கும். கையரம்பத்திற்கு அடங்கும், அதே நேரத்தில் பென்சில் அழுத்தினால் குழி விழாத அளவு உறுதியும் உண்டு.

வாங்கும்போது பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து, மறுமுனைவரை ஓரத்தைப் பாருங்கள். வில்லாக வளைந்திருந்தாலோ முறுக்கியிருந்தாலோ வேண்டா. குண்டூசி நுழையும் அளவுத் துளைகள் இருந்தால் கட்டாயம் வேண்டா. நீலக் கறை மட்டும் இருந்தால் விலை குறைத்துக் கேட்கலாம். அது அழகைக் கெடுக்கும், வலிமையைப் பெரிதாகக் குறைக்காது. போரான் உப்பு நீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் பால்மரப் பொருளை மழை படும் இடத்தில் வைக்கக் கூடாது. பூந்தொட்டி வைக்கும் பலகை செய்ய நினைப்பவர்கள் வேறு மரத்தைத் தேடுங்கள்.

கருவிகள் குறைவாக இருந்தால் போதும். கையரம்பம் ஒன்று, மூலைமட்டம் ஒன்று, எஃகு அளவுகோல், மின்துளைக்கருவி, பலகையை இறுக்கிப் பிடிக்கும் பிடிக்கருவிகள் நான்கு, மரப்பசை, 120, 180, 240 எண்களில் மணல்தாள். மின்ரம்பம் என்னிடம் உண்டு. பிள்ளைகள் வரும் நாள்களில் அதை அறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். பிடிக்கருவியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பலகை அசையாமல் இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் நேராக அறுக்கும். பலகை ஆடினால் தேர்ந்த தச்சரும் கோணலாகத்தான் அறுப்பார்.

அளவு எடுப்பதிலிருந்தே பாடம் தொடங்கிவிடுகிறது. மேசையின் உயரத்தை நான் சொல்வதில்லை. பிள்ளைகள் இருவர் இருவராகச் சப்பணமிட்டு அமர்ந்து, தரையிலிருந்து முழங்கைவரை ஒருவருக்கொருவர் அளக்க வேண்டும். தொடை இடிக்காமல் நுழைய வேண்டும் என்பதற்காக அதற்குமேல் சில விரற்கிடை கூட்டிக்கொள்வோம். பத்து வயதுப் பிள்ளைக்கு 25 சென்டிமீட்டரை ஒட்டி வரும். மேற்பலகைக்கு 70 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நிலைப்பலகைகள்; பின்புறம் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம். நான்கே துண்டுகள்.

இங்கேதான் ஆண்டுதோறும் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டு மேசைகளுக்கு நான்கு நிலைப்பலகைகள் தேவை. கையிலிருப்பது 1 மீட்டர் நீளப் பலகை. "நான்கு சம துண்டாக்கினால் ஒவ்வொன்றும் எவ்வளவு?" என்று கேட்பேன். "25 சென்டிமீட்டர், டீச்சர்!" என்று கூட்டமாகக் குரல் வரும். கோடு போட்டு அறுத்து முடித்தால் நான்கும் சமமாக இருப்பதில்லை. கடைசித் துண்டு குட்டையாக நிற்கும். ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அறுத்தவன்மேல் பழி விழும். அப்போது தரையில் கிடக்கும் மரத்தூளை ஒரு தாளில் கூட்டி அவர்கள் முன்னால் வைப்பேன். தொலைந்த நீளம் அதில் இருக்கிறது. ரம்பம் போகும் வழி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம். நான்கு துண்டுக்கு மூன்று வெட்டு. ஆகவே 6 மில்லிமீட்டர் தூளாகப் போய்விட்டது. 1000இல் 6 போக 994. அதை நான்கால் வகுத்தால் 248.5 மில்லிமீட்டர். பாடநூலில் விடை 25. பலகையில் விடை 24.85. தசமம் எதற்கு என்று வகுப்பில் கேட்கும் பிள்ளை இதன்பிறகு கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவன் "நான்கு துண்டுக்கு நான்கு வெட்டுத்தானே டீச்சர்?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் ஒரு கொழுக்கட்டை மாவு உருளையையும் நூலையும் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் மாவைப் பங்கு போட்டுத் தின்னப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

அறுக்கும் முறைக்குச் சில குறிப்புகள். பென்சில் கோட்டின்மேல் அறுக்கக் கூடாது. கழிவுப் பக்கம் ஒட்டினாற்போல் அறுத்துக் கோட்டை விட்டுவைக்க வேண்டும். முதலில் ரம்பத்தை நம் பக்கம் இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்துத் தடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆட்காட்டி விரலைப் பிடியின் பக்கவாட்டில் நீட்டி வைத்தால் ரம்பம் தானாக நேரே போகும். எல்லாவற்றிற்கும் மேலாக, அழுத்தக் கூடாது. பிள்ளைகள் முதல் நாள் முழுபலத்தையும் காட்டுவார்கள். ரம்பம் வளைந்து சிக்கிக்கொள்ளும். ரம்பத்தின் எடையே போதும் என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கை சோர்ந்தபின் அவர்களே கண்டுகொள்வார்கள். துண்டு விழும் கடைசி நொடியில் மற்றொருவர் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் ஓரம் பிய்ந்துவிடும்.

இனி, பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்தின் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் துண்டு போடாதீர்கள். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடும். நீளவாக்கில், அதாவது இழை ஓடும் திசையில், அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில் விரியும், சுருங்கும். மழைக்காலத்தில் அலமாரி இழுப்பறை இறுகிக்கொள்வது இதனால்தான். நம் மேசையின் மேற்பலகையில் இழை இடவலமாக ஓடுகிறது. ஆகவே அது முன்பின்னாக விரியும். நிலைப்பலகையில் இழை மேல்கீழாக நின்றால் அதுவும் முன்பின்னாகவே விரியும். இரண்டும் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கும், சண்டை இல்லை. மாறாக, நிலைப்பலகையின் இழையைப் படுக்கைவாட்டில் வைத்துவிட்டால், ஒன்று விரிய மற்றது மறுக்க, ஓராண்டுக்குள் திருகாணி இருக்கும் இடத்தில் வெடிப்பு விழலாம்.

ஆனால், இழை மேல்கீழாக நிற்கும்போது மற்றொரு தொல்லை வருகிறது. மேற்பலகை வழியாக நிலைப்பலகையின் தலையில் திருகாணியை இறக்கினால், அது இழைகளின் முனைகளுக்கு இடையில் போய் நிற்கும். அங்குப் பிடிமானம் குறைவு. பிள்ளை மேசையைத் தூக்கும் நாலாம் முறை கழன்று வரும். ஆகவே உள்மூலைகளில் கட்டைவிரல் தடிமனில் 8 சென்டிமீட்டர் நீளக் கட்டைகளை வைத்து, கட்டை வழியாக மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகத் திருகாணி முடுக்குகிறோம். ஒரு பக்கத்திற்கு இரண்டு குட்டைக் கட்டைகள். முழு அகலத்திற்கும் ஒரே நீளக் கட்டை வைக்கலாமே என்று தோன்றும். அந்த நீளக் கட்டை விரியாது, நிலைப்பலகை விரியும், மீண்டும் அதே சண்டை. பின்புறக் குறுக்குச் சட்டத்தை இரு நிலைப்பலகைகளின் பின்விளிம்பில் பொருத்தினால் அங்கே திருகாணி இழையைக் குறுக்கே கடித்து நிற்கும். பிடி நன்றாக இருக்கும். மேசை பக்கவாட்டில் ஆடாமல் காப்பது இச்சட்டமே. பால்மரத்தில் துளையிடாமல் ஆணி அடித்தால் ஓரம் பிளக்கும். 4 மில்லிமீட்டர்த் திருகாணிக்கு 3 மில்லிமீட்டர்த் துளை முன்கூட்டியே இட்டுக்கொள்ளுங்கள்.

திருகாணிகளை முழுவதும் இறுக்குமுன் மேசையைக் கவிழ்த்து வைத்து, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அது செவ்வகம். ஒன்று நீண்டிருந்தால் அந்த நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதை மிகவும் விரும்புகிறார்கள். மூலைமட்டத்தையே இப்படிச் சோதிக்கலாம் என்று தந்தையார் ஒரு வழி காட்டியிருந்தார்: ஒரு பக்கம் 30, மறுபக்கம் 40, இடையில் 50 சென்டிமீட்டர் வர வேண்டும். பித்தாகரஸ் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. தோட்டத்து வீட்டுக்கெல்லாம் அஸ்திவாரக் கயிறு கட்டியது அந்தக் கணக்கில்தான்.

மணல்தாள் தேய்ப்பது அலுப்பான வேலை. 120இல் தொடங்கி 240இல் முடிக்க வேண்டும். எப்போதும் இழை ஓடும் திசையில். பிள்ளைகள் கட்டாயம் முகக்கவரி அணிய வேண்டும். மரத்தூள் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவம் வகைப்படுத்தியுள்ளது. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால், அடைத்த அறையில் தேய்க்காதீர்கள், தூளைப் பெருக்குமுன் சற்று ஈரம் தெளியுங்கள். மேற்பூச்சுக்கு நீரில் கரையும் வார்னிஷ் இரண்டு முறை. எண்ணெய்ப் பூச்சு அழகுதான். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தொல்லை எதற்கு என்று நான் தவிர்த்துவிட்டேன்.

செய்முறை இவ்வளவே. இனிப் பெற்றோரைப் பற்றி.

ஒரு தாயார் என்னிடம் நேராகவே கேட்டார். "பிள்ளை படிச்சுப் பெரிய ஆளா வரணும்னுதான் பள்ளிக்கு அனுப்புறோம். ஆசாரி வேலைக்கு இல்ல, டீச்சர்." அவர் குரலில் இருந்தது திமிர் அன்று, பயம். அவரும் லயத்தில் பிறந்தவர். உடலுழைப்பிலிருந்து பிள்ளைகளை மீட்டெடுக்க வேண்டும் என்பதற்காகவே நம் சமூகம் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆசாரியின் மகளான நான் ஆசிரியையாக நிற்பதும் அதனால்தான். அந்தப் பயத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. மேசை மட்டும் செய்து கொடுங்கள், காசு தருகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். அவருடைய மகன் வரவில்லை. இன்றும் அவன் தரையில் படுத்துத்தான் எழுதுகிறான் என்று நினைக்கிறேன். நான் செய்தது சரியே என்று கருதுகிறேன். இருந்தாலும் அவன் நோட்டைத் திருத்தும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டபோது, இனிப் பெற்றோர் புள்ளிகளைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கு வந்து கேட்பவர்களும் தாய்மார்களே. தந்தையர் பலர் வாயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பிள்ளையை இறக்கிவிட்டு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார்கள். அவர்களுள் சிலருடன் பேசியிருக்கிறேன். "நான் படிக்கல டீச்சர், நீங்களே பாத்துக்குங்க" என்பதே பெரும்பாலும் விடை. பிள்ளையின் படிப்பு தமக்கு உரிமையில்லாத இடம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். கற்காத தந்தை வீட்டில் வெட்கத்தோடு ஒதுங்கி நின்றால், பிள்ளையும் மெல்ல அவரை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. என் வகுப்பில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். சரிந்த கையெழுத்து அன்று.

இஸ்திரி மேசையில் எழுதிய அந்த மாணவியின் தந்தை கிடங்கு ஒன்றில் பளுதூக்கி வண்டி ஓட்டுபவர். முதல் நாள் வாயிலோடு போனார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மகள் ரம்பத்தை அழுத்தி வளைப்பதைச் சுவருக்கு வெளியிலிருந்து பார்த்துப் பொறுக்காமல் உள்ளே வந்துவிட்டார். "அமுக்காதம்மா, விடு, அதுவா போகும்." நான் இரண்டு நாளாகச் சொன்ன அதே சொல்தான். அவள் அன்றுதான் கேட்டாள்.

மூலையில் சரக்குத் தட்டுகள் இரண்டு சாய்த்து வைத்திருந்தேன். மூலைக்கட்டைகளுக்காகக் கழற்ற எண்ணம். அவர் அவற்றைப் பார்த்ததும் நிறுத்தி, பக்கத்தில் சூட்டுக்கோலால் இட்டிருந்த முத்திரையைத் தேடினார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கதிர் போன்ற ஒரு படம், நாட்டின் குறியீடு, அதன்பின் எழுத்துகள். 'எச்டி' என்றிருந்தால் பூச்சியைக் கொல்லச் சூடேற்றிய மரம். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஊட்டிய மரம், அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. முத்திரையே இல்லாததையும் தொடாதீர்கள், எதன்மேல் என்ன கொட்டியதோ தெரியாது என்றார். அனைத்துலக விதி அது. எல்லை தாண்டும் மரத்தட்டுகளுக்கெல்லாம் பொருந்தும். நான் அந்த எழுத்துகளைப் படித்து அறிந்திருந்தேன். அவர் பல்லாயிரம் தட்டுகளைத் தூக்கி அறிந்திருந்தார். இரண்டில் ஒன்று எம்பி. அதை அவரே தனியாக எடுத்து வைத்தார். ஐந்து பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர். அவருடைய மகள் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை நிலைப்பலகைக் கணக்கு வந்தது. 994ஐ நான்கால் வகுக்க அவர் பலகையின்மேலேயே பென்சிலை ஓட்டினார். 248 வரை வந்து, மீதி 2 நிற்கிறதே என்று நிமிர்ந்தார். "புள்ளி வச்சு பூஜ்யம் போடுங்கப்பா" என்றாள் மகள். போட்டார். அந்தப் பலகையின் உட்புறத்தை அவள் மணல்தாளால் தேய்க்க மறுத்துவிட்டாள். இரண்டு கையெழுத்திலும் அந்தக் கணக்கு இன்னும் அவர்கள் மேசையின் அடியில் இருக்கிறது.

எல்லாத் தந்தையரும் இப்படி வந்துவிட்டனர் என்று எழுதினால் அது பொய். ஒரு மாணவன் நான்கு நாளும் "அப்பா நாளைக்கு வருவாரு" என்றான். கடைசி நாள் அவனுடைய தாய்மாமா வந்து மேசையைத் தூக்கிப் போனார். தந்தை வராத பிள்ளை மற்றப் பிள்ளைகளின் முன் சுருங்கிவிடக் கூடாதே என்பதால், இப்போதெல்லாம் 'அப்பாவை அழைத்து வா' என்று நான் சொல்வதில்லை. 'வீட்டில் யாருக்குக் கை நேரமிருக்கிறதோ' என்று சொல்கிறேன். சென்ற முறை ஒரு பாட்டி வந்தார். மணல்தாள் தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பள்ளியிலேயே செய்யலாமே என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கருவிகளும் பொருள்களும் வருகின்றன. ஆனால் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் கையரம்பம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதே என் கணக்கு. அதற்குமேல் கண்கள் போதா. பெற்றோரிடம் எழுத்துவழி இசைவு பெற்றுக்கொள்வதும், முதலுதவிப் பெட்டியைப் பட்டறைக்குள்ளேயே வைப்பதும் கட்டாயம்.

வரும் விடுமுறையில் சுவரோரப் புத்தக அடுக்கு ஒன்று செய்ய எண்ணியுள்ளோம். அதற்குத் தட்டுப்பலகைகள் நிலைப்பலகையின் பள்ளத்துக்குள் அமர வேண்டும். உளி வேலை கூடுதல். தந்தையாரின் முக்கால் அங்குல உளியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். எச்டி முத்திரையுள்ள தட்டுகள் நான்கினை அந்தத் தந்தை ஏற்கனவே கொண்டுவந்து இறக்கிவிட்டார். மகிழுந்து இப்போதே வெளியில்தான் நிற்கிறது.